மூன்றாவது சில்லும் அரைப்பேரும்

சித்திரை வருசத்துக்கு எங்கள் தோட்டப் பக்கம் ஒட்டும் விளையாட்டு நோட்டீஸில் எப்பவும் "துவிச்சக்கர வண்டி ஓட்டப் போட்டி" என்றுதான் அச்சடித்திருக்கும். வாயால் அப்படிச் சொன்ன ஒருத்தரையும் நாங்கள் பார்த்ததில்லை. சைக்கிள் ரேஸ். அவ்வளவுதான்.

ஒரு வருசம் எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் ஃபெக்டரியடியில் தொடங்கின நிமிசத்திலிருந்து முன்னால் போனார். பஸ் ரோட்டுச் சந்தி வரை அவர்தான் முதல். திரும்பி வரும்போதும் அவர்தான் முதல். பின்னால் மூன்று பேர் அவருடைய சில்லில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசி இருநூறு மீற்றரில் அந்த மூன்று பேரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலாவதுக்குப் பரிசு இல்லை. "அவசரப்பட்டான், அதான் விட்டுட்டான்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு தாத்தா மட்டும், "முன்னுக்குப் போறவன் காத்து குடிக்கிறான்டா, பின்னுக்கு வாறவன் நிழல்ல வாறான்" என்றார். நாங்கள் சிரித்தோம்.

கெம்பஸ் வந்த பிறகு, படிக்க வேண்டியதைப் படிக்காமல் விட்ட ஒரு ராத்திரி, அந்தத் தாத்தா சொன்னதை அமெரிக்காவில் மூன்று பேர் வொட் கணக்கில் அளந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. புரோக்கர், கைல், பேர்க் ஆகிய மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை அது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நாலு பேர் ஒரே வரிசையில் ஓடும்போது முதல் ஆளுக்கு ஏறக்குறைய 607 வொட் சக்தி வேண்டும். இரண்டாவது ஆளுக்கு 430. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் 389. ஒரே வேகம், ஒரே பாதை. ஆனால் முன்னால் போகிறவர் பின்னால் வருபவரை விட ஒன்றரை மடங்குக்கு மேல் உழைக்கிறார். எங்கள் தோட்டத்து ரோட்டில் அந்த வேகம் வராது. வேகம் குறைந்தால் காற்றின் பங்கும் குறையும், ஏற்றத்தில் இன்னும் குறையும். இருந்தாலும் அந்த அண்ணன் ஏன் தோற்றார் என்பதற்கு "அவசரப்பட்டான்" என்பதை விட நல்ல பதில் அது.

இந்தக் கட்டுரை சைக்கிள் ஓட்டத்தில் கணக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றியது. வட்டமான, சரிந்த தடத்தில் ஓடும் வகையைத்தான் சொல்கிறோம். பலகை போட்ட 250 மீற்றர் வட்டம். வளைவில் சுவர் மாதிரி நாற்பது பாகைக்கு மேல் சரிவு. சைக்கிளுக்குப் பிறேக் இல்லை, கியர் மாற்ற முடியாது, பெடலை நிற்பாட்டவும் முடியாது. எங்கள் ஊர் ரோட்டில் பிறேக் இல்லாமல் போனால் நேரே பள்ளத்தில்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்த நாட்டுக்காக மொரிஸ் குமாரவேல் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். ஆனால் பதுளைப் பக்கப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தடம் போனில் பார்க்கிற சாமான்தான்.

அந்தத் தடத்தில் மூலைக்கு மூலை எண் இருக்கிறது. தூரம் மாறாது, நேரத்தைப் பிடிக்கலாம். ரோட்டில் மழை, மேடு, நாய், லொறி எல்லாம் வரும். தடத்தில் மனுசனும் காற்றும் மட்டும்தான். அதனால் கணக்கு முதலில் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. 1893இல் பாரிஸில் ஹென்றி டெக்ராஞ்ச் என்பவர் ஒரு மணித்தியாலத்தில் 35.325 கிலோமீற்றர் ஓடிக் காட்டினார். பத்து வருசம் கழித்து டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவரும் அவரே. அன்றிலிருந்து "ஒரு மணித்தியாலம், எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி நிற்கவில்லை.

1972 ஒக்டோபரில் எடி மெர்க்ஸ் அதற்காகவே மெக்சிக்கோ நகரத்துக்குப் போனார். ஏன் மெக்சிக்கோ? உயரம். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீற்றர். நமுனுகுல மலை உச்சியே 2,036 மீற்றர்தான், யோசித்துப் பாருங்கள். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், முகத்தில் அடிக்கும் எதிர்ப்புக் குறையும். ஆனால் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறையும். எது லாபம் என்று கூட்டிக் கழித்துத்தான் போனார்கள். மெர்க்ஸ் 49.431 கிலோமீற்றர் ஓடினார். போகும் வழியிலேயே 10, 20 கிலோமீற்றர் சாதனைகளையும் முறித்தார். அதாவது முதல் பாதியில் தேவைக்கு மேல் வேகம். மிச்ச நேரம் அதற்கு வட்டி கட்டினார். எங்கள் அண்ணன் செய்த பிழையை அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓட்டக்காரரும் செய்திருக்கிறார் என்பதில் எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

அப்போது மணிக்கூடு மட்டும்தான் இருந்தது. ஓடுகிறவரின் காலில் இருந்து எவ்வளவு சக்தி வருகிறது என்று பார்க்க வழி இல்லை. 1986இல் ஜேர்மனியில் உல்ரிச் ஷோபரர் என்ற பொறியியலாளர் பெடல் தண்டில் வளைவை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, ஓடும்போதே வொட்டைக் காட்டும் மீற்றர் செய்தார். நாங்கள் மேலே சொன்ன 607உம் 389உம் அந்த வழியில் வந்தவைதான்.

இனி நாலு பேர் ஓட்டத்துக்கு வருவோம். எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. நாலு பேர் சேர்ந்து 4 கிலோமீற்றர். முதல் ஆள் கொஞ்ச நேரம் காற்றை உடைத்துவிட்டு, வளைவில் மேலே ஏறி, மற்றவர்களைப் போகவிட்டு, வாலில் வந்து ஒட்டிக்கொள்வார். பிறகு அடுத்தவர். அணியின் நேரம் எப்போது எடுக்கப்படும்? முதல் ஆள் கோட்டைத் தொடும்போது இல்லை. மூன்றாவது ஆளின் முன் சில்லு தொடும்போது. நாலாவது ஆள் நடுவில் களைத்து விலகினாலும் பரவாயில்லை. மூன்றாவது ஆள் வராவிட்டால் கதை முடிந்தது.

இந்த ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றுகிறது. பலமுள்ளவர் வேகத்தைக் கூட்டினால் அணி வெல்லாது, பின்னால் இருப்பவர் அறுந்து போவார். அவர் செய்ய வேண்டியது, அதே வேகத்தில் மற்றவர்களை விடக் கூட நேரம் முன்னால் நிற்பது. யார் எத்தனை அரை வட்டம் இழுப்பது, யார் எப்போது விலகுவது? நாலு பேருக்கு இதைக் கணக்குப் போட்டால் வழிகள் கோடிக்கணக்கில் வரும். 2011இல் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் வாக்னரும் கூட்டாளிகளும் அதைக் கணினியிடம் கொடுத்தார்கள். உயிர்கள் பரிணாமம் அடைகிற மாதிரி, நல்ல திட்டங்களைக் கலந்து, கெட்டதைக் கழித்து, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் முறை. அதற்கு முன்னால் பயிற்சியாளரின் அனுபவம்தான் அந்த வேலையைச் செய்தது.

இன்னொரு ஓட்டத்தில் புள்ளிவிபரம் இதை விட நேராக உள்ளே வந்தது. அதன் பெயர் ஒம்னியம். ஒரே ஆள் பல வகை ஓட்டங்களில் ஓட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்த்தார்கள், அப்போது ஆறு ஓட்டம். பறக்கும் வட்டம், புள்ளி ஓட்டம், கடைசி ஆளை ஒவ்வொன்றாக வெளியேற்றும் ஓட்டம், தனி ஆள் துரத்தல், ஒன்றாகத் தொடங்கி முதலில் வருபவர் வெல்லும் ஓட்டம், கடைசியாக மணிக்கூட்டுக்கு எதிரான ஓட்டம். ஒவ்வொன்றிலும் முதலாவது வந்தால் 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, பத்தாவதுக்கு 10. கூட்டிப் பார்த்து யாருக்குக் குறைவோ அவருக்குத் தங்கம்.

சிலது வேகக்காரருக்குச் சாதகம், சிலது மூச்சுக்காரருக்கு. யாரை அனுப்புவது? எதில் உயிரைக் கொடுத்து ஓடுவது, எதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது? அவுஸ்திரேலியாவில் ஒஃபோகியும் கூட்டாளிகளும் அதுவரை நடந்த சர்வதேச ஒம்னியம் முடிவுகளை எடுத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். முந்தி ஐந்து ஓட்டமாக இருந்ததில் வெளியேற்றும் ஓட்டம் ஆறாவதாகச் சேர்ந்தபோது அது மூச்சுக்காரருக்கு உதவும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தரவு அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்றையும் கண்டார்கள். "ஒரு ஓட்டத்தில் இத்தனையாவது இடத்துக்குக் கீழே போனால் பதக்கம் போச்சு" என்று ஒரு எல்லை கிடையாது. ஒன்றில் மோசமாக விழுந்தவரும் மேடையில் ஏறலாம்.

லண்டனில் பெண்கள் ஒம்னியத்தை வென்ற பிரித்தானியாவின் லோரா ட்ரொட்டின் அட்டையைப் பாருங்கள்: 1, 10, 1, 2, 3, 1. புள்ளி ஓட்டத்தில் பத்தாவது! கூட்டினால் 18. அமெரிக்காவின் சாரா ஹாமருக்கு 19. கடைசி ஓட்டத்துக்கு முன்னால் ஹாமர் 15, ட்ரொட் 17. நாங்கள் இதைக் கொப்பியில் போட்டுப் பார்த்தோம். ட்ரொட் முதலாவது வந்தால் 18. ஹாமர் இரண்டாவது என்றால் 17, அவருக்குத் தங்கம். மூன்றாவது என்றால் சமம். நாலாவது என்றால் 19. ட்ரொட் முதலாவது வந்தார், ஹாமர் நாலாவது வந்தார்.

அந்தப் பத்தாவது இடத்தை ஒரு சில்லு வித்தியாசத்தில் எடுத்தாரா, ஒரு முழு வட்டம் பின்தங்கி எடுத்தாரா என்று அட்டை கேட்காது. பத்து என்றால் பத்து. விதி, ஓடிய ஓட்டத்தைப் படிக்கட்டாக்கிவிடுகிறது. படி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், எந்தப் படிக்குப் பாய வேண்டும், எந்தப் படியில் நின்றாலும் நட்டமில்லை என்று கணிக்கலாம்.

இந்த இடத்தில்தான் எங்களில் ஒருத்தி, "இது எங்கம்மாட கொழுந்துக் கணக்கு மாதிரியே இருக்கே" என்றாள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் அது மாறும். எங்களுக்குத் தெரிந்த மலைகளில் 18. எடுத்தால் முழுப்பேர். 17 கிலோவுக்கு வந்து நின்றால் அரைப்பேர். ஒரு கிலோவில் பாதி நாள் சம்பளம் போய்விடும். வரவிலும் அதே படிக்கட்டுதான். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 ரூபாய் என்று பெரிசாகச் சொன்னார்களே, அதில் அடிப்படை 500தான். 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. அது வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவருக்கு மட்டும். மாசத்தில் 24 நாள் வேலை என்று வைப்போம். 18 நாள் போனவருக்கு அந்த வகையில் 1,080 ரூபாய். 17 நாள் போனவருக்குப் பூச்சியம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றதன் விலை அது. 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவை எடுத்துவிட்டார்கள். கிலோக் கணக்கு எங்கேயும் போகவில்லை.

சைக்கிள் தடத்தையும் தேயிலை மலையையும் ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம் என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ட்ரொட் விரும்பி ஓடினார், எங்கள் அம்மாமார் விரும்பியா மலைக்குப் போகிறார்கள்? சரியான கேள்வி. ஆனால் வரலாற்றில் இந்த இரண்டு மணிக்கூடும் அவ்வளவு தூரத்தில் இல்லை. டெக்ராஞ்ச் பாரிஸில் மணித்தியாலத்தை அளந்த அதே பத்தாண்டில்தான் அமெரிக்காவில் ஃபிரெட்றிக் டெய்லர் தொழிலாளியின் அசைவை மணிக்கூடு வைத்து அளந்தார். அவரும் விளையாட்டுக்காரர். 1881இல் அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் இரட்டையர் பட்டத்தை வென்றவர்களில் ஒருவர். 1911இல் வந்த தன் புத்தகத்தில், இரும்புக் கட்டி சுமக்கும் ஆளை நாளைக்கு 12½ தொன்னிலிருந்து 47 தொன்னுக்குக் கொண்டுவந்ததாகப் பெருமையாக எழுதுகிறார். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலர் ஆனது. நாங்கள் வகுத்துப் பார்த்தோம். வேலை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி 1.6 மடங்கு. எத்தனை தொன், எப்போது தூக்க வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் பக்கத்தில் நின்றவரின் கையில் இருந்தது. சுமந்தவரின் கையில் இரும்பு.

தடத்திலும் கணக்கு எப்பவும் ஓட்டக்காரர் பக்கம் நின்றதில்லை. 1984இல் பிரான்செஸ்கோ மோசர் மெர்க்ஸின் சாதனையை முறித்து 51 கிலோமீற்றரைத் தாண்டினார். பின்னால் இத்தாலியப் பேராசிரியர் கொன்கோனியின் இதயத் துடிப்புக் கணக்கு இருந்தது. அந்த நேரம் அதை விஞ்ஞானத்தின் வெற்றி என்றார்கள். பிற்காலத்தில் மோசரே, தன் இரத்தத்தை எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டதை ஒத்துக்கொண்டார். அப்போது அதற்குத் தடை இருக்கவில்லை. எண் கூட வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு உடம்பு வெறும் ஃபெக்டரி.

ஆனால் கணக்கைத் தாங்களே கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானிய தேசிய அணிக்கு லொத்தர் காசு கொட்டியது. 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் தடத்தில் இருந்த பத்துத் தங்கத்தில் ஏழு ஏழாக அள்ளினார்கள். அந்த அணிக்கு வெளியே, டேர்பி நகரத்தில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்ந்த நாலு இளைஞர்கள் இருந்தார்கள். டான் பிக்ஹம் அவர்களில் ஒருவர், கார் ஓட்டப் பொறியியல் படித்தவர். பெரிய நிதி இல்லை. தங்கள் வொட்டையும் காற்றெதிர்ப்பையும் தாங்களே அளந்து, யார் எவ்வளவு நேரம் முன்னால் நிற்பது என்று தாங்களே தீர்மானித்தார்கள். 2017இல் பிரித்தானியாவின் நாலு பேர் ஓட்டப் பட்டம் அவர்களுக்கு. 2018 ஜனவரியில் மின்ஸ்க் உலகக் கிண்ணப் போட்டியிலும் தங்கம். பிறகு பிக்ஹம் டென்மார்க் அணிக்கு ஆலோசனை சொன்னார். 2020 பெப்ரவரியில் பெர்லினில் அந்த அணி உலக சாதனையை 3 நிமிடம் 44.672 செக்கனுக்கு இறக்கியது. அவர்கள் ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது, பலமுள்ளவர் நீண்ட நேரம் முன்னால் நிற்கிறார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது எங்கள் மலையில் நடக்கும் ஒரு வேலை. வெளியில் யாரும் அதைத் தந்திரம் என்று எழுதியதில்லை. பின்னேர நிறுவைக்கு முன்னால் பெண்கள் கூடையைப் பார்த்தே கணக்கைச் சொல்லிவிடுவார்கள். ஒருத்தியிடம் 21 கிலோ வரும், பக்கத்து நிரையில் இருப்பவளுக்கு 15தான் வரும் என்று தெரிந்தால், மடுவத்துக்குப் போகிற வழியில் மூன்று கிலோ கூடை மாறும். இரண்டு பேருக்கும் முழுப்பேர். கொடுத்தவளுக்கு அந்த மூன்று கிலோவின் மேலதிகக் காசு போகும். ஆனால் கொடுத்ததால் காப்பாற்றப்பட்டது மற்றவளின் அரை நாள். அடுத்த வாரம் இவளுக்கு முதுகு நோவு என்றால் கூடை மறுபக்கம் மாறும். மூன்றாவது சில்லு கோட்டைத் தொட்டால்தான் நேரம் என்ற விதியை யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேற்பார்ப்பவர் கண்டால் ஏச்சு வரும், அதுவும் உண்மை.

எங்களில் ஒருத்தியின் அம்மா இன்னொரு படி போயிருக்கிறார். வீட்டில் முருகன் படம் போட்ட கலண்டர். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பேனையால் மூன்று சின்ன எண்: காலை, பகல், பின்னேரம். கூடைக்கும் தண்ணிக்கும் என்று கழித்தது எவ்வளவு என்று பக்கத்தில் இன்னொரு எண். எத்தனை வருசமாக எழுதுகிறார் என்று கேட்டதற்கு, "நீ ஓ லெவல் படிக்கிற காலத்துல இருந்து" என்றார். மகளுக்கே அது தெரியாது. திகதி பார்க்கும் இடம் என்று நினைத்திருந்தாள்.

போன மாசச் சம்பளத் துண்டில் மூன்று நாள் அரைப்பேர் விழுந்திருந்தது. கலண்டரின்படி மூன்று நாளும் 18க்கு மேல். அவர் அந்தத் தாளைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு ஒஃபிஸுக்குப் போனார். ஒரு நாளைத் திருத்திக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு நாளுக்கும் "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டியிருக்கிறார். இந்த மாசக் கட்டங்களில் எழுத்து இன்னும் சின்னதாகிவிட்டது. பக்கத்து இரண்டு வீட்டுக் கிலோவும் இப்போது அதே கலண்டரில்தான்.